திரையில் இரண்டு ஹெல்மெட்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மோட்டார் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளைப் படித்து, நடந்தது நடந்தபடிதான் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதனால் யார் எதைச் சொன்னாலும் முதலில் அதைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். கடைக்காரர் தானாகவே தூக்கிக் காட்டினால் வேறு மீன் கேட்பேன். வீட்டிலும் அப்படித்தான். இந்தக் குணத்தோடு ஒருவர் இருபத்தைந்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறார் என்றால் அவர் மகானாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதையோ நன்றாக மறைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எதற்கும் இரண்டாவதையே நினைவில் வைத்திருந்தேன்.

என் கணவர் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளை வாங்கியபோது நானும் ஷோரூமுக்குப் போயிருந்தேன். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. தார்ச்சாலையிலும் ஓடும், மண்பாதையிலும் ஓடும், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டலாம். உயரமோ கோயில் வாகனத்தின் உயரம். பின்னால் ஏறுவதற்கு எனக்கு அவர் தோளும் கொஞ்சம் தைரியமும் வேண்டியிருந்தது.

விற்பனையாளர் இடது கைப்பிடியில் இருந்த ஒரு பட்டனைக் காட்டி, இதை அழுத்தினால் ஒரே வண்டி நாலு வண்டியாகிவிடும் என்றார். எனக்கு அப்போதே புருவம் ஏறியது. ரெயின், ரோட், ஸ்போர்ட், ஆஃப்ரோட் என்று நாலு மோடு. ரெயினில் போட்டால், கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நிதானமாகத்தான் நகரும்; சக்கரம் வழுக்கப் பார்த்தால் உடனே எஞ்சினை அடக்கிவிடும். ரோட் அன்றாடத்துக்கு. ஸ்போர்ட்டில் தொட்டால் பாயும். சக்கரம் கொஞ்சம் வழுக்கினாலும் கண்டுகொள்ளாது. ஆஃப்ரோட் மண்ணுக்கு. சிங்கப்பூரில் மண்ணுக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பட்டனுக்குப் போனார். அது பின் ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு. தனியாகப் போனால் திரையில் ஒரு ஹெல்மெட் படம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இரண்டு ஹெல்மெட். வண்டியை அணைத்தாலும் கடைசியாக வைத்தது அப்படியே இருக்குமா என்று கேட்டேன். ஆஃப்ரோடைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்றார். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. தொழில் புத்தி.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் அந்த மோடுகளைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார்.

"ரெயின் மோடெல்லாம் பயந்தவங்களுக்கு லா. நமக்கு எதுக்கு?"

அதை நான் மறக்கவில்லை. பெருமையாகவும் இருந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, காத்தோங் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின்னால்தான் போனேன். இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மலேசியாவின் கேமரன் மலைக்கு இதே வண்டியில் போவதாகப் பேச்சு.

அதற்கு முன்னோட்டமாக ஒருநாள் ஜோகூர்ப் பக்கம் கடற்கரைக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில், தரையில் அடித்திருந்த வெள்ளைப் பட்டையின் மேல் பின்சக்கரம் ஏறியது. வண்டி சட்டென்று ஒரு பக்கம் போனது, அதே வேகத்தில் நிமிர்ந்தது. நான் கத்தக்கூட நேரமில்லை. அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன், திரையில் ஸ்போர்ட் என்றிருந்தது. ஸ்போர்ட்டில் போய்க்கொண்டே இப்படிச் சமாளித்துவிட்டாரே என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் நான் பேசினேன். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னேன். அடுத்தவர் விபத்துக் கதையில் ஒரு வார்த்தை கூடினாலும் கண்டுபிடித்துவிடும் நான், என் கதையில் மழையைக் கூட்டினேன், வளைவைக் கூட்டினேன், ஒரு லாரியையும் சேர்த்துக்கொண்டேன். நான் லாரிக்கு வரும்போதெல்லாம் அவர் எழுந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன்.

பிறகுதான் சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. காத்தோங்குக்குப் போன ஒரு ஞாயிறு, வானத்தில் ஒரு மேகம் இல்லை. திரையைப் பார்த்தேன், ரெயின். அடுத்த வாரமும் நல்ல வெயில், அதே ரெயின். ஏன் என்று கேட்டேன். பெட்ரோல் மிச்சமாகும் என்றார். கேள்வி முடிவதற்கு முன்பே வந்த பதில். முன்பே தயாராக இருக்கும் பதிலை நான் ஆபீசில் தினமும் பார்க்கிறேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

நான் கனமாகிவிட்டேன், அதைச் சொல்லத் தயங்குகிறார் என்று முதலில் நினைத்தேன். இரண்டு நாள் சோற்றைக் குறைத்துப் பார்த்தேன். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. கேமரன் மலைக்கு அறை பதிவு செய்யலாமா என்று கேட்டால் ஆபீசில் லீவு கஷ்டம் என்றார். இன்னொரு நாள் கேட்டால் மழைக்காலம் என்றார். சனிக்கிழமை காலையில் என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கமும் நின்றது. நீ எம்ஆர்டியில் போய்விடு, செங்காங்கிலிருந்து ஒரே ரயில்தானே, எனக்கு நண்பர்களோடு ரைடு இருக்கிறது என்றார். எந்த நண்பர்கள் என்று கேட்டதற்குப் பழைய நண்பர்கள் என்றார்.

வேறு மனைவியாக இருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பாள். நான் பிடிக்கவில்லை. முன்னதாகவே கேள்வி கேட்டால் பொய் சொல்பவர் கதையைச் சரிசெய்துகொள்வார் என்பது என் தொழிலின் பாலபாடம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில், மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். சாவியைத் திருப்பியதும் திரை விழித்தது. ரெயின். அதன் கீழே இரண்டு ஹெல்மெட்.

தனியாகப் போனவருக்கு எதற்கு இரண்டு ஹெல்மெட்? போன ஞாயிறு நான் உட்கார்ந்தபோது வைத்தது அப்படியே இருந்திருக்கலாம் என்று அவருக்காக நானே வாதாடிப் பார்த்தேன். அதையும் சோதித்துவிடுவோம் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை நானே கீழே போய் ஸ்போர்ட்டிலும் ஒரே ஹெல்மெட்டிலும் வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை அவர் போய்த் திரும்பியதும் மறுபடி பார்த்தேன். ரெயின், இரண்டு ஹெல்மெட். வண்டி தானாக மாற்றிக்கொள்ளுமா என்று ஒரு பட்டறைக்குப் போன் செய்து, யார் என்று சொல்லாமல் கேட்டேன். அழுத்தினால்தான் மாறும் என்றார்கள்.

என் ஹெல்மெட்டை எடுத்துப் பார்த்தேன். வார் என் தாடைக்கு வைத்த அளவில் இல்லை, நன்றாகத் தளர்த்தப்பட்டிருந்தது. யாருக்கோ அகலமான முகம். உள்ளே முகர்ந்து பார்த்தேன். சென்ட் வாசனையைத்தான் எதிர்பார்த்தேன். வந்தது மளிகைக் கடை வாசனை. பின் இருக்கையின் கைப்பிடி இடுக்கில் நாலைந்து அரிசி கிடந்தது. அட்சதையோ என்று ஓர் எண்ணம் ஓடியது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை, வெறும் பொன்னி அரிசி. அது ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பொன்னி என்றதும் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் வழக்கமாக அரிசி வாங்கும் கடை ஞாபகம் வந்தது. கல்லாவில் உட்காரும் பெண்மணி என் கணவரைப் பார்த்தால் கூடுதலாகச் சிரிப்பார். அகலமான முகம் வேறு. அடுத்த சனிக்கிழமை, அவர் வண்டியில் கிளம்பிய பிறகு, ரயிலேறி நேராக அந்தக் கடைக்குப் போனேன். அந்த அம்மாள் கல்லாவிலேயே இருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. சும்மா வந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று கடுகு கேட்டேன். பொட்டலத்தை நீட்டியபடி அவர்தான் சொன்னார்.

"அண்ணன் போன மாசம் ரெண்டு மூட்டை பொன்னி வாங்கிட்டுப் போனாரே அக்கா, வீட்ல ஏதும் விசேஷமா?"

ஆமாம், விசேஷம்தான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி வரவில்லை. நானும் அவரும் இருக்கும் வீட்டில் பத்துக் கிலோ பையே பல வாரம் ஓடும். பூக்கடைகளின் முன்னால் ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள், நான் நடைபாதையில் கடுகுப் பொட்டலத்தோடு நின்றேன். ஒரு ஆண் ஒருத்திக்குப் பூ வாங்கிக் கொடுத்தால் விளையாட்டு என்று விட்டுவிடலாம். மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிக் கொடுத்தால் அது குடித்தனம். எங்கேயோ இன்னொரு அடுப்பு எரிகிறது. சின்ன வீடு என்ற வார்த்தையை மற்றவர்கள் வீட்டுக் கதையில் எத்தனை முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அன்று அது என் வீட்டுக் கதையாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழவும் செய்தேன், ஜவுளிக்கடை வாசலில், யாரும் கவனிக்காத மாதிரி.

அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு போடும்போது ஒவ்வொரு அகப்பைக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், சோற்றையே மறைக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ரசம் நன்றாக இருக்கிறது என்றார். அதையும் சந்தேகப்பட்டேன்.

சனிக்கிழமை வந்தது. தேக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பி, கார் நிறுத்துமிட வாசலுக்கு எதிரே ஒரு டாக்சியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வண்டியில் வெளியே வந்தார். பின்னால் யாரும் இல்லை. ஆனால் முழங்கையில் என் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. என் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்திக்கு மாட்டப் போகிறார் என்பதற்கு இனி என்ன சாட்சி வேண்டும்? அந்த வண்டியின் பின்னால் போகச் சொன்னேன். டிரைவர் வயதான சீனர். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

விரைவுச்சாலை முடிந்து, கிராஞ்சிப் பக்கம் திரும்பி, பண்ணைகளுக்குப் போகும் ஒடுங்கிய ரோட்டில் போனோம். பஸ் எப்போதாவது வரும் இடம். யாருக்கும் தெரியாமல் குடித்தனம் வைக்க நல்ல இடம்தான் என்று தோன்றியது. ஒரு செடிப் பண்ணையின் கேட்டுக்குள் வண்டி போனது. எனக்குத் தெரிந்த பண்ணைதான். என் கணவரோடு ராணுவத்தில் தேசிய சேவை செய்தவருடையது, எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். அவரும் கூட்டா என்று அவர் மேலும் ஒரு கணக்கைச் சேர்த்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே டாக்சியிலேயே காத்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பண்ணையின் பின்பக்கம் சரளைக்கல் கொட்டிய அகலமான இடம் தெரிந்தது. தொட்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

வண்டி மெதுவாக வட்டமடித்து வந்தது. பின்னால் ஒருத்தி. என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அவர் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். குட்டை. நல்ல பருமன். அந்த நேரத்திலும், என்னைவிடப் பருமன்தான் என்று ஒரு நொடி திருப்திப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பிறகு ஆத்திரம் வந்தது. டாக்சியை அனுப்பிவிட்டு, செருப்பில் கல் குத்தக் குத்த நடந்து உள்ளே போனேன். என்ன பேசுவது என்று வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பத்தடி தூரத்தில்தான் தெரிந்தது, அவளுக்குக் கை இல்லை, கால் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வார்போட்டு இறுக்கிய இரண்டு அரிசி மூட்டை. மேல் மூட்டையின் கட்டிய வாய்க்கு என் ஹெல்மெட், தாடையில்லாத இடத்தில் வாரைத் தளர்த்தி மாட்டியிருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். கைப்பிடி திரும்பியிருந்த நேரத்தில் முன்பிரேக்கைப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது, அந்தப் பெரிய வண்டி நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகச் சாய்ந்தது. அவர் காலை ஊன்றித் தாங்கப் பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டு விலகினார். மூட்டை சரளையில் விழுந்து கிழிந்தது. அரிசி கொட்டிக்கொண்டே இருந்தது. என் ஹெல்மெட் உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யாருக்கு இந்த அரிசி என்று கேட்டேன். அந்த நிலையிலும் என் வாயில் வந்தது அதுதான். உனக்குப் பதிலாக என்றார். உன்னை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன்னால் மூட்டையை வைத்துப் பழகிக்கொள்கிறேன் என்றார். ஹெல்மெட் எதற்கு என்றேன். எவ்வளவு பிரேக் பிடித்தால் உன் தலை வந்து என் தலையில் இடிக்கிறது என்று பார்க்க என்றார். அதற்கப்புறம் அங்கேயே ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு மழையில நான் ஒண்ணும் சமாளிக்கல ம்மா. கண்ண மூடிட்டேன். வண்டி தானா நிமிந்துச்சு."

மழை வந்ததும் ஏன் ரெயினில் போடவில்லை என்று கேட்டேன். ஆபீசில் கேட்கும் கேள்விதான், குரல்தான் ஆபீஸ் குரலாக இல்லை.

"நீ பின்னாடியிருந்து ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே இருப்ப. பயந்துட்டான்னு நெனச்சுடுவியேன்னு போடல. அப்புறம் நீ போற எடத்துல எல்லாம் என்னப் பெரிய ஆளாச் சொல்லிச் சொல்லி… எனக்கு உன்ன ஏத்திக்கிட்டுப் போகவே பயமா இருக்கு."

மீனை, அரிசியை, ரசத்தை, அவர் நண்பர்களை, ஒரு பாவப்பட்ட மளிகைக் கடைக்காரியை, எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். இவருடைய தைரியத்தை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. எனக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது.

நண்பர் சத்தம் கேட்டு விளக்குமாற்றோடு ஓடி வந்தார். அரிசியில் விளக்குமாறு படக்கூடாது என்று தடுத்துவிட்டு, நாங்கள் மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து கையால் அள்ளினோம். பாதி அரிசி, பாதி கல். என் கணவர் தயங்கித் தயங்கி, ஐம்பது கிலோ வைத்துத்தான் பழகினேன், சரியாக இருக்குமா என்று கேட்டார்.

"கூட," என்றேன்.

எவ்வளவு கூட என்றார். கூடத்தான் என்று சொல்கிறேனே என்றேன். நண்பர் குனிந்து அரிசியை மும்முரமாகப் பொறுக்கினார். அள்ளியதைப் பிறகு கழுவிக் கல்லரித்துப் பல நாள் சாப்பிட்டோம். இரண்டு பேரில் ஒருவர் பல்லில் கல் கடிபடாத நாள் இல்லை.

வண்டியை மூவரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். இடப்பக்கப் பெட்டியில் ஒரு கீறல் மட்டும். நான் ஹெல்மெட்டின் வாரை என் தாடைக்கு இழுத்து மாட்டிக்கொண்டு அவர் தோளைப் பிடித்தேன். வீட்டுக்கு டாக்சியில் போய்விடு என்றார். அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் தன் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினார். பிறகு முன்னால் ஏறி, வண்டியை நேராகப் பிடித்து, நான் ஏறும்வரை அசையாமல் இருந்தார். அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

இடது கைப்பிடியில் பட்டன் அழுந்தும் சத்தமும் கேட்டது. ஒரு முறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும், இவ்வளவு காலமும் எட்டித்தான் பார்த்தேன். நான் பக்கத்திலிருந்த செம்பருத்தித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் தாண்டும்போது பிரேக் பிடித்தார், என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் டக்கென்று இடித்தது. சாரி என்றார். பரவாயில்லை, போங்க என்றேன். அதற்கப்புறம் கேமரன் மலைவரை போய் வந்துவிட்டோம். அன்றைக்கு எந்த மோடில் போட்டார் என்று இன்னும் நான் கேட்கவில்லை.